கிளியை அறிவோம், கதிரைக் காப்போம்

(பண்ணை ஒலிபரப்பில் வேளாண் விரிவாக்க அலுவலர் ஒருவர் ஆற்றிய உரை)



மார்கழிப் பட்டத்தில் சூரியகாந்தி போட்டவர்களுக்குப் பங்குனி மாதம் தூக்கம் சரியாக வராது. உரம் வைத்தாயிற்று, தண்ணீர் கட்டியாயிற்று, பூவெல்லாம் தட்டுத் தட்டாக மணி பிடித்துக் குனிந்து நிற்கிறது. இனி அறுக்க வேண்டியதுதான் பாக்கி. அந்த நேரம் பார்த்து, விடிந்தும் விடியாததுமாகக் "கீ... கீ..." என்று கத்திக்கொண்டு ஒரு பச்சைக் கூட்டம் வந்து இறங்கும். அரை மணி நேரம் கழித்து நீங்கள் போய்ப் பார்த்தால், பூவின் ஓரத்தில் ரெண்டு மூணு வரிசை மணியைக் காணோம். கீழே தரையெல்லாம் உமி.

"சார், பூச்சிக்கு மருந்து சொல்றீங்க, எலிக்கு மருந்து சொல்றீங்க, இந்தக் கிளிக்கு ஒரு வழி சொல்ல மாட்டேங்கிறீங்களே" என்று போகிற ஊரிலெல்லாம் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். கிளிக்கு மருந்து கிடையாது. ஆனால் வழி உண்டு. கிளி எப்போது சாப்பிடும், எங்கே தூங்கும், எந்த மாதத்தில் குஞ்சு பொரிக்கும், எதைக் கண்டு மிரளும், எதைக் கண்டு மிரளாது என்று தெரிந்தவருக்குக் காவல் வேலையில் பாதி முடிந்த மாதிரி. அதனால் இன்றைக்கு முதலில் கிளியைப் பற்றித் தெரிந்துகொள்வோம். அதிலிருந்தே பயிரைக் காக்கும் வழிக்கு வருவோம்.

எந்தக் கிளி?

நம் சமவெளியில் தினமும் காண்பது சாதாரணப் பச்சைக்கிளி. பறவை நூல்களில் இதற்குச் செந்தார்ப் பைங்கிளி என்று பெயர். தார் என்றால் மாலை. வயது வந்த ஆண் கிளியைக் கவனித்துப் பாருங்கள். தாடையிலிருந்து ஒரு கறுப்புப் பட்டை கழுத்தைச் சுற்றி வரும். பிடரிப் பக்கம் அதோடு ரோஜா நிறத்தில் ஒரு வளையம் சேர்ந்திருக்கும். பெட்டைக்கு இந்த மாலை கிடையாது. இளம் ஆணுக்கும் கிடையாது. ரெண்டு மூணு வயது ஆன பிறகுதான் ஆணுக்கு மாலை விழும். ஆகையால் மாலை இல்லாததெல்லாம் பெட்டை என்று எண்ணிவிட வேண்டாம்.

அலகு முதல் வால் நுனி வரை சுமார் 40 செ.மீ. நீளம் இருக்கும். அதில் பாதி வால்தான். எடை 120 கிராம் அளவுதான் வரும். ஒரு பெரிய கொய்யாப் பழத்தின் கனம்கூட இல்லை. மேல் அலகு செக்கச் சிவப்பு. கீழ் அலகு நம் தென்னாட்டுக் கிளிக்குக் கறுப்பாக இருக்கும். வடநாட்டுக் கிளிக்குக் கீழ் அலகும் சிவந்திருக்கும்.

இதற்குச் சொந்தக்காரர்களும் உண்டு. உடம்பிலும் அலகிலும் பெரிதாக, இறக்கையின் தோள்பட்டையில் அரக்குச் சிவப்பாக ஒரு திட்டு இருந்தால் அது பெரிய பச்சைக்கிளி. மலையடிவாரத்திலும் காட்டோரத்திலும் உள்ளவர்கள் செந்தலைக் கிளியைப் பார்த்திருப்பார்கள். அதில் ஆணுக்குத் தலை முழுவதும் நாவல் பழமும் ரோஜாவும் கலந்த நிறம். பெட்டைக்குச் சாம்பல் தலை. மேல் அலகு மஞ்சள். சோளக் கொல்லைக்கு இதுவும் கூட்டமாக வரும். மேற்குத் தொடர்ச்சி மலையில் நீலப்பைங்கிளி என்று ஒன்று இருக்கிறது. அதே மலைக்காடுகளில் குருவியைவிடக் கொஞ்சம் பருமனாக, கட்டை வாலோடு சின்னக்கிளி ஒன்றும் இருக்கிறது. அது வௌவால் மாதிரித் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு தூங்கும். நாம் இன்று பேசப் போவது ஊர்ப்புறத்துப் பச்சைக்கிளியைப் பற்றி.

அலகும் காலும்

கிளியின் பலம் முழுவதும் அலகில் இருக்கிறது. நமக்கு மேல் தாடை அசையாது, கீழ்த் தாடை மட்டும் அசையும். கிளிக்கு மேல் அலகும் கீல் வைத்த கதவு போல அசைந்து கொடுக்கும். அந்த வளைந்த மேல் அலகால் மணியைப் பிடித்து, தடித்த நாக்கால் உருட்டி, கீழ் அலகின் விளிம்பை வைத்து உமியை உரித்து, பருப்பை மட்டும் விழுங்கிவிடும். சூரியகாந்திக் கொல்லையில் தரையில் கிடக்கிற உமியை எடுத்துப் பாருங்கள், பக்குவமாக உரித்த மாதிரி இருக்கும். இந்த அலகு வளர்ந்துகொண்டே இருக்கும். அதனால் பசி இல்லாத நேரத்திலும் பட்டையையும் குச்சியையும் கடித்துத் தேய்த்துக்கொண்டே இருக்கும்.

காலில் நாலு விரல். கோழிக்கு மூன்று முன்னே, ஒன்று பின்னே. கிளிக்கு இரண்டு முன்னே, இரண்டு பின்னே. கிடுக்கி மாதிரி. அதனால்தான் வளைந்து தொங்குகிற பூவிலும் தலைகீழாகப் பற்றிக்கொண்டு தின்ன அதனால் முடிகிறது. ஒரு காலால் பழத்தைப் பிடித்து, நாம் கையால் எடுத்துச் சாப்பிடுவது போலவே சாப்பிடும். ஏறும்போது அலகை மூன்றாவது காலாக ஊன்றிக்கொள்ளும்.

கிளியின் ஒரு நாள்

இதுதான் விவசாயி மனதில் பதித்துக்கொள்ள வேண்டிய விஷயம். கிளி நாள் முழுவதும் மேய்கிற பறவை அல்ல. அதற்கும் வேளை உண்டு.

இரவில் கிளிகள் கூட்டமாக ஒரே இடத்தில் தங்கும். ஊர் நடுவில் உள்ள அரசமரம், ஆலமரம், மூங்கில் புதர், தென்னந்தோப்பு என்று ஒரு இடத்தைப் பிடித்துக்கொண்டால் வருஷக் கணக்கில் அதே இடம்தான். காக்கையும் மைனாவும்கூட அதே மரத்தில் பங்குக்கு வரும். பொழுது சாயும்போது நாலு திசையிலிருந்தும் சிறு சிறு கூட்டமாக வந்து சேர்ந்து, பெரும் இரைச்சல் போட்டு, இருட்டியதும் அடங்கிவிடும். விடியற்காலையில் மறுபடி இரைச்சல். பிறகு பத்தும் இருபதுமாகப் பிரிந்து மேய்ச்சலுக்குக் கிளம்பும். அம்பு விட்ட மாதிரி நேராக, வேகமாகப் பறக்கும். பல கிலோமீட்டர் தூரம் போய்த் தின்றுவிட்டுத் திரும்பும்.

காலையில் பொழுது புலர்ந்ததிலிருந்து 9, 10 மணி வரை முதல் மேய்ச்சல். வெயில் ஏறியதும் நிழல் மரத்தில் அமர்ந்து இறகு கோதும், தூங்கும். பிறகு மாலை 3, 4 மணியிலிருந்து இருட்டும் வரை இரண்டாவது மேய்ச்சல். நடுப்பகலில் ஒன்றிரண்டு வந்தாலும் பெருங்கூட்டம் வராது.

இன்னொரு பழக்கமும் இருக்கிறது. கொல்லைக்கு வந்தவுடனே நேராகக் கதிரில் இறங்கிவிடாது. முதலில் பக்கத்து மரத்திலோ மின்கம்பியிலோ அமர்ந்து, ஆள் இருக்கிறதா என்று நோட்டம் பார்க்கும். ஒன்று இறங்கினால் எல்லாம் இறங்கும். ஒன்று மிரண்டு கத்தினால் எல்லாம் எழும். மரத்தை ஒட்டிய கொல்லைக்கும், மின்கம்பி போகிற கொல்லைக்கும், வரப்போர வரிசைகளுக்கும் சேதம் அதிகமாக இருப்பது இதனால்தான்.

ஆகவே, மணி பிடிக்க ஒரு வாரம் இருக்கும்போதே இரண்டு மூன்று நாள் விடியற்காலையில் வரப்பில் நின்று கவனியுங்கள். கூட்டம் எந்தத் திக்கிலிருந்து வருகிறது? எந்த மரத்தில் முதலில் அமர்கிறது? அந்த மரத்தடிதான் உங்கள் காவல் இடம். கொல்லையின் மறுகோடியில் பரண் போட்டுவிட்டு அங்கிருந்து கத்தினால் தொண்டைதான் கட்டும்.

தின்பது கொஞ்சம், கொட்டுவது அதிகம்

கிளி பூச்சி பிடித்துத் தின்னும் பறவை அல்ல. மைனாவைப் போல, கரிச்சானைப் போல நமக்குப் பூச்சி பொறுக்கிக் கொடுக்கும் என்று சொல்லி உங்களைச் சமாதானப்படுத்த நான் வரவில்லை. தானியம், விதை, பழம், மொட்டு, பூத்தேன் இவைதான் அதன் ஆகாரம். வேம்பு, ஆல், அரசு, இலந்தை என்று காட்டில் கிடைப்பதைத் தின்னும். இலவம் பூவிலும் கல்யாண முருங்கைப் பூவிலும் தேன் குடிக்கும். கொல்லையில் சோளம், கம்பு, மக்காச்சோளம், சூரியகாந்தி. தோட்டத்தில் கொய்யா, மா, மாதுளை.

120 கிராம் பறவையின் வயிற்றில் எவ்வளவு பிடிக்கும்? வயிறு ரொம்பச் சிறியதுதான். நஷ்டம் வருவது அது வீணாக்குவதால். ஒரு கொய்யாவில் ரெண்டு கடி கடித்துப் போட்டுவிட்டு அடுத்த காய்க்குப் போகும். சோளக் கதிரில் ஒரு கிளையை நறுக்கி எடுத்து, நாலு மணி தின்றுவிட்டு மீதியைக் கீழே விடும். மக்காச்சோளத்தில் நுனி மட்டையைக் கிழித்துப் பால் மணியைத் தின்னும். கிழிந்த வழியாகப் பனியும் மழைத் தண்ணீரும் இறங்கிப் பூசணம் பிடித்து, தின்னாமல் விட்ட மணியும் கெட்டுப் போகும்.

சில ஊர்களில் மிளகாய்ப் பொடியைக் கரைத்துக் கதிர் மேல் தெளிக்கிறார்கள். இதில் பயனில்லை. மிளகாயின் காரம் நம் நாக்கைச் சுடும், மாட்டைச் சுடும், எலியைச் சுடும். பறவைகளுக்கு அந்தக் காரம் உறைக்கவே உறைக்காது. கிளி பழுத்த மிளகாயை ருசித்துத் தின்பதை நீங்களே பார்த்திருப்பீர்கள். மிளகாய்க்குச் செலவழிக்கும் பணத்தை வேறு வழிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

பொந்தும் குடும்பமும்

தென்னாட்டில் மார்கழி, தை மாதங்களில் தொடங்கிப் பங்குனி, சித்திரை வரை கிளிகளுக்கு இனப்பெருக்கக் காலம். இந்தச் சமயத்தில் பெரிய கூட்டம் உடைந்து சோடி சோடியாகப் பிரியும். ஆண், பெட்டையின் முன்னால் நிமிர்ந்து நின்று, தலையை ஆட்டி, ஒரு காலைத் தூக்கி, தன் இரைப்பையிலிருந்து எடுத்து ஊட்டும். கிளிக் குடும்பத்தில் அதிகாரம் பெட்டையுடையது. பிடிக்காவிட்டால் கொத்தி விரட்டிவிடும்.

கிளி கூடு கட்டாது. சுள்ளி பொறுக்காது, நார் பின்னாது. பொந்துதான் வீடு. அந்தப் பொந்தையும் பெரும்பாலும் அதுவாகக் குடைவதில்லை. மரங்கொத்தியோ குக்குறுவானோ குடைந்து விட்டுப்போன பொந்து, கிளை முறிந்த இடத்தில் மட்கிய பொந்து, மொட்டைப் பனையின் துளை, கோயில் கோபுரத்து இடுக்கு, பழைய சுவரின் சந்து இப்படி எதையாவது பிடித்துக்கொள்ளும். வாய் சிறிதாக இருந்தால் அலகால் கடித்து அகலப்படுத்தும்.

பொந்தின் அடியில் கிடக்கிற மரத்தூள் மேலேயே மூன்று முதல் ஐந்து வெள்ளை முட்டைகள் இடும். பெட்டைதான் அடை காக்கும். ஆண் வெளியே போய்த் தின்று வந்து பெட்டைக்கு ஊட்டும். ஏறக்குறைய 22, 23 நாளில் குஞ்சு பொரியும். எல்லா முட்டையும் ஒரே நாளில் பொரியாது. முன்னே இட்டது முன்னே பொரியும். அதனால் ஒரே பொந்தில் பெரியது, நடுத்தரம், சிறியது என்று படிக்கட்டு மாதிரி குஞ்சுகள் இருக்கும். இரை குறைந்த வருஷம் கடைக்குட்டி பிழைக்காது.

பொரிந்த குஞ்சுக்குக் கண் திறந்திருக்காது, உடம்பில் ஒரு இறகும் இருக்காது. தாயும் தகப்பனும் மாறி மாறி ஊட்டி, ஆறு ஏழு வாரத்தில் குஞ்சு பறக்கும் பருவத்துக்கு வரும். பொந்தை விட்டு வந்த பிறகும் கொஞ்ச நாள் பெற்றோர் பின்னாலேயே சுற்றி இரை கேட்கும்.

இப்போது மாதக் கணக்கைப் பாருங்கள். மாசி, பங்குனியில் பொந்துக்குப் பொந்து பசித்த வாய்கள். மார்கழிப் பட்டத்துச் சூரியகாந்தி மணி பிடிப்பதும் அதே சமயத்தில். சித்திரை, வைகாசியில் பறக்கத் தெரிந்த இளங்கிளிகளும் கூட்டத்தில் சேர்ந்துகொள்ளும். உங்கள் கொல்லைக்கு வருகிற கூட்டம் ஒரு மாதம் சின்னதாகவும் அடுத்த மாதம் பெரிதாகவும் தெரிவது இதனால்தான். எந்தப் பட்டத்தில் விதைத்தால் எந்த மாதத்தில் மணி பிடிக்கும் என்று கணக்குப் போடும்போதே, காவலுக்கு ஆள் தேவைப்படும் நாட்களையும் சேர்த்துக் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

மொட்டைப் பனையை வெட்டலாமா?

"பொந்து இருந்தால்தானே குஞ்சு பொரிக்கும்? மொட்டைப் பனையை வெட்டிச் சாய்த்துட்டா கிளி தொலைஞ்சது" என்று சிலர் நினைக்கலாம். செங்கல் சூளைக்காரர் வந்து விலை கேட்டால் கை அரிக்கவும் செய்யும். வெட்டுவதற்கு முன்னால் அந்தப் பொந்தில் யார் யார் குடியிருக்கிறார்கள் என்று ஒரு மாதம் கவனித்துப் பாருங்கள்.

பனங்காடை அங்கேதான் முட்டையிடும். அது வெட்டுக்கிளியையும் வண்டையும் பிடித்துத் தின்கிற பறவை. மைனாவும் பொந்துக்காரிதான். புள்ளி ஆந்தையும் கூகையும் பொந்தில்தான் குடும்பம் நடத்தும். கூகை ராத்திரி முழுக்க உங்கள் வயலில் எலி பிடிக்கிறது. அதற்கு நீங்கள் கூலி கொடுப்பதில்லை. ஒரு பொந்துக்குப் பல பேர் போட்டி போடுகிறார்கள். மொட்டைப் பனையைச் சாய்த்தால் இத்தனை பேருக்கும் வீடு போயிற்று. கிளி மட்டும் பல கிலோமீட்டர் பறந்து வரக்கூடியது. பக்கத்து ஊர்ப் பொந்திலிருந்து வந்து உங்கள் சோளத்தைத் தின்னும். ஆக, கிளி குறையாது. எலியும் வெட்டுக்கிளியும்தான் கூடும். நம் மாநில மரமான பனையை, மொட்டையானாலும், வரப்பில் நிற்க விடுங்கள்.

கிளி எவ்வளவு கெட்டிக்கார ஜீவன் என்பதற்கு ஒரு உதாரணம் சொல்கிறேன். கூண்டுக் கிளியாகச் சீமைக்குக் கொண்டு போனவற்றில் தப்பியவையும் வெளியே விடப்பட்டவையும், பனி கொட்டுகிற லண்டன் நகரத்துப் பூங்கா மரங்களில் பொந்து பிடித்து, இன்றைக்கு ஆயிரக்கணக்கில் பெருகியிருக்கின்றன. நாலு மரத்தை வெட்டித் தீர்த்துவிடக்கூடிய பறவை அல்ல அது.

பிடிப்பதும் விஷம் வைப்பதும்

தை, மாசியில் ஊருக்குள் சிலர் ஏணியும் கோணியுமாக வருவார்கள். "பொந்துல இருக்கிற குஞ்சை எடுத்துக்கறோம், உங்களுக்கும் தொல்லை விட்டுது" என்று பேசுவார்கள். இடம் கொடுக்காதீர்கள். பொந்தை வெட்டிப் பிளந்துதான் குஞ்சை எடுப்பார்கள். அந்தப் பொந்து அடுத்த வருஷம் கூகைக்கும் உதவாது. எடுத்த குஞ்சுகளில் பல சந்தைக்குப் போகும் வழியிலேயே செத்துவிடும்.

1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி நம் நாட்டுக் காட்டுக் கிளியைப் பிடிப்பது, விற்பது, வாங்குவது, கூண்டில் வைப்பது எல்லாமே குற்றம். 2022-ல் சட்டத்தைத் திருத்திய போதும் இந்தப் பாதுகாப்பு நீங்கவில்லை. சிறையும் உண்டு, அபராதமும் உண்டு. ஜோசியக்காரர் கூண்டில் உள்ள பச்சைக்கிளிக்கும் இதே சட்டம்தான். இது புதிதாக வந்த எண்ணமும் இல்லை. அசோகச் சக்கரவர்த்தி பட்டம் சூட்டி 26 ஆண்டு ஆனபோது பொறித்த தூண் சாசனம் ஒன்றில், கொல்லக்கூடாத உயிர்களின் வரிசை இருக்கிறது. அதில் முதல் பெயர் கிளி, அடுத்த பெயர் மைனா.

தானியத்தில் விஷம் கலந்து வைப்பதைப் பற்றி ஒரு வார்த்தை. கிளி மேலே கதிரில் தின்னும் பறவை. தரையில் நீங்கள் வைக்கிற விஷத் தானியத்தை முதலில் பொறுக்குவது உங்கள் வீட்டுக் கோழியும், புறாவும், காடையும், மயிலும்தான். செத்த கோழியை நாய் தின்றால் நாயும் போகும். மயில் செத்தால் வழக்கு இன்னும் கடுமையாகும். கொல்லையைச் சுற்றி ஓடியாடும் சின்னப் பிள்ளைகளையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு குத்தகைக்காரர் என்னிடம் கேட்டார்: "சட்டமெல்லாம் சரிங்க. கிளிக்குக் கடன் இல்லை, எனக்குத்தானே சொசைட்டியிலே கடன் இருக்கு?" அவர் கேட்டது உண்மை. ஒரு ஏக்கர் சூரியகாந்தி அவருக்கு ஒரு வருஷத்துப் பள்ளிக்கூடச் செலவு. ஆகவே, சட்டத்தைச் சொல்லிவிட்டு நான் எழுந்து போய்விட முடியாது. கையைக் கடிக்காத செலவில் என்ன செய்யலாம் என்று ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

கதிரைக் காக்கும் வழிகள்

முதலாவது, சேர்ந்து விதையுங்கள். ஊரில் நீங்கள் ஒருவர் மட்டும் முந்தியோ பிந்தியோ விதைத்தால், சுற்றுவட்டாரக் கிளி அத்தனைக்கும் உங்கள் கொல்லை ஒன்றுதான் பந்தி. பத்துப் பேர் ஒரே வாரத்தில் விதைத்து, எல்லாக் கொல்லையும் ஒன்றாக மணி பிடித்தால், அதே கூட்டம் பத்து இடத்தில் பிரிந்து தின்னும். யாருக்கும் பெரிய அடி விழாது. காசு செலவில்லாத வழி இது. வேண்டியது பேச்சுவார்த்தை மட்டும்.

இரண்டாவது, இடம் பார்த்து விதையுங்கள். பெரிய மரத்தை ஒட்டியும் மின்கம்பிக்கு நேர் கீழேயும் உள்ள துண்டு நிலத்தில் சூரியகாந்தியும் சோளமும் போடாமல், அங்கே பயறோ, பருத்தியோ, வேறு ஏதாவதோ போடுங்கள்.

மூன்றாவது, ரகம். பூ நன்றாகக் கவிழ்ந்து தரையைப் பார்க்கிற சூரியகாந்தி ரகங்களில், கிளிக்கு உட்கார்ந்து தின்பது சிரமம். கம்பில், கதிரில் மீசை உள்ள ரகத்துக்குப் பறவைச் சேதம் குறைவு. விதை வாங்கும்போது மகசூலோடு இதையும் கேட்டு வாங்குங்கள்.

நான்காவது, வேளை பார்த்துக் காவல். பால் பிடிக்கும் பருவத்திலிருந்து அறுவடை வரைதான் ஆபத்துக் காலம். அந்த நாட்களில் விடிந்ததிலிருந்து 10 மணி வரை, மாலை 3 மணியிலிருந்து இருட்டும் வரை ஆள் நின்றால் போதும். நாள் முழுவதும் ஆள் போட்டுக் கூலி கொடுக்க வேண்டாம். பக்கத்துப் பக்கத்துக் கொல்லைக்காரர்கள் முறை வைத்துக்கொண்டால் இன்னும் சுலபம். முதல் கூட்டத்தை இறங்க விடாமல் விரட்டுவது முக்கியம். ஒரு தரம் ருசி கண்டு வயிறு நிறைந்துவிட்டால் மறுநாளும் அங்கேதான் வரும்.

தினைப்புனத்தில் பரண் கட்டி, தட்டை என்கிற மூங்கில் கருவியைத் தட்டிக் கிளி ஓட்டியதைச் சங்கப் பாட்டுகள் நிறையச் சொல்கின்றன. வள்ளியம்மை கதையிலும் அதுதான் வேலை. 2,000 ஆண்டாக நம் பெண்கள் செய்து வந்த இந்தக் காவலுக்கு இன்றைக்கும் ஈடு கிடையாது. தட்டைக்குப் பதில் தகர டின் வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

ஐந்தாவது, பளபளக்கும் நாடா. ஒரு பக்கம் சிவப்பும் மறுபக்கம் வெள்ளியுமாக மின்னுகிற நாடாவைக் கடையில் வாங்கி, பயிருக்கு மேலே இருக்கும்படி குச்சி நட்டு, இரண்டு மூன்று முறுக்கு விட்டு வரிசையாகக் கட்டுங்கள். வெயிலில் மின்னும், காற்றில் விர்ரென்று சத்தம் போடும். கிளி மிரளும். ஆனால் பறவைக்கு எதுவும் பழகிப்போகும். அதனால் மணி பிடிக்கும் முன்னாலேயே கட்டி வைக்காமல், ஆபத்துக் காலம் தொடங்கும் அன்று கட்டுங்கள். காற்றும் வெயிலும் இல்லாத மூட்டமான நாளில் இதை நம்பி வீட்டில் இருந்துவிடாதீர்கள்.

சோளக்கொல்லைப் பொம்மைக்கும் இதே பேச்சுதான். ஒரே இடத்தில் நின்றால் நாலு நாளில் கிளி அதன் தோளிலேயே உட்காரும். ரெண்டு நாளைக்கு ஒரு தரம் இடம் மாற்றுங்கள், சட்டை மாற்றுங்கள். தகரம் அடிப்பது, கவண் சுழற்றுவது, நாடா கட்டுவது எல்லாவற்றையும் மாற்றி மாற்றிச் செய்தால்தான் பலன். காய்ந்த பயிரில் வெடி வெடிக்க வேண்டாம், தீப்பிடிக்கும்.

ஆறாவது, மூடி வைப்பது. மக்காச்சோளத்தில் வரப்போரத்து ரெண்டு மூணு வரிசைக்குத்தான் சேதம் அதிகம். அந்த வரிசைகளில், பால் பிடிக்கும்போதே, அதே செடியின் பச்சை இலையைக் கிழிக்காமல் வளைத்துக் கதிரைச் சுற்றி மறைத்துவிடுங்கள். கிளி கண்ணுக்குக் கதிர் தெரியாது. கொய்யா, மாதுளையில் காய் பருக்கத் தொடங்கியதும் காகிதப் பையோ துணிப் பையோ கட்டலாம். கொல்லைப்புறத்தில் உள்ள ஒன்றிரண்டு மரத்துக்குப் பழைய சேலையே போதும். பழத்தோட்டத்துக்கு வலை போர்த்துகிறவர்கள் இழுத்து விறைப்பாகக் கட்டுங்கள்; தொய்வாக விட்டால் பறவை சிக்கிக்கொள்ளும். தினமும் ஒரு தரம் சுற்றிப் பார்த்து, சிக்கினதை அறுத்து விட்டுவிடுங்கள்.

ஏழாவது, காலத்தில் அறுவடை. சூரியகாந்திப் பூவின் பின்பக்கம் பச்சை மாறி எலுமிச்சை மஞ்சள் நிறம் வந்துவிட்டால் மணி முற்றிவிட்டது என்று பொருள். செடியிலேயே சருகாகட்டும் என்று விட்டு வைக்கிற ஒவ்வொரு நாளும் கிளிக்கு விருந்து. பூவை அறுத்துக் களத்துக்குக் கொண்டுவந்து, குவிக்காமல் மெல்லிசாகப் பரப்பிக் காய வையுங்கள். குவித்தால் பூசணம் பிடிக்கும்.

இவற்றில் ஒன்று மட்டும் செய்தால் கொஞ்சம் பயன். நாலைந்தைச் சேர்த்துச் செய்தால் உங்கள் மூட்டையில் அது தெரியும். ஒரு மணிகூடக் கிளிக்குப் போகாது என்று நான் சொல்லமாட்டேன். ஓரத்து வரிசையில் கொஞ்சம் போகத்தான் செய்யும்.

காற்று மழையில் பொந்திலிருந்து குஞ்சு விழுந்து கிடந்தால், பொந்து கைக்கு எட்டினால் எடுத்து உள்ளே விட்டுவிடுங்கள். மனிதக் கை பட்டால் தாய் ஒதுக்கிவிடும் என்பது சரியல்ல. எட்டாவிட்டால் வனத்துறைக்குச் சொல்லுங்கள். பிள்ளைகள் ஆசைப்படுகிறார்கள் என்று கூண்டு வாங்க வேண்டாம். கூண்டுக்குள் 20 வருஷத்துக்கு மேலும் உயிரோடு இருக்கக்கூடிய பறவை அது. அத்தனை வருஷமும் ஒரு கம்பியைக் கடித்துக்கொண்டே கிடக்கும். பிள்ளைகளை மாலை ஆறு மணிக்கு ஊர் ஆலமரத்தடிக்கு அழைத்துப் போங்கள். கூட்டம் வந்து அடைவதைக் காட்டுங்கள். அப்படியே மறுநாள் காலை அது எந்தத் திக்கில் கிளம்புகிறது என்று எண்ணி வந்து சொல்லச் சொல்லுங்கள். உங்கள் காவலுக்கும் ஒரு துணை கிடைத்த மாதிரி.

பட்டம் தொடங்குவதற்கு முன்னால் பக்கத்துக் கொல்லைக்காரரோடு உட்கார்ந்து விதைப்பு நாளைப் பேசி முடிவு செய்யுங்கள். மற்ற சந்தேகங்களுக்கு உங்கள் பகுதி வேளாண் விரிவாக்க மையத்தை அணுகுங்கள்.